சத்தியம் செய்து அடைத்த வண்டிப்பாதை

சாமி,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் நீ போர்வெல் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். துளை போடுகிற சத்தத்தில் நான் கத்த, நீ கத்த, கடைசியில் "சாப்பிட்டியா கண்ணு" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இது கத்திச் சொல்கிற சங்கதி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் நாமக்கல்லில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஊரார் வழக்கையெல்லாம் எழுதிய கை இது. சொந்த வழக்கை எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று முழிக்கிறது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். சகோதரி முறையில் இணைச்சீருக்கு யார் உட்காரப் போகிறார்கள் என்று போன வாரம் உன் அம்மாவிடம் கேட்டாயாம். அவள் "அப்பாவைக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டாளாம். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் கொஞ்சம் நீளம், ராய்ப்பூர் வெயிலில் நின்றுகொண்டு படிக்காதே. ரூமுக்குப் போய்ப் படி.

என் லத்தீன் நோட்டு உனக்குத் தெரியும். நீயும் உன் சிநேகிதர்களும் அதை வைத்து என்னைக் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி, தன் பேருக்கு வந்த தாளை நீட்டி, "இதென்னுங்க எக்ஸ் பார்ட்டீன்னு போட்டிருக்குது? நான் எந்தப் பார்ட்டியிலயும் இல்லீங்களே" என்றார். எனக்கும் தெரியவில்லை. "அதெல்லாம் கோர்ட்டு பாஷைங்க" என்று சமாளித்து அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் போய், பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று வாங்கினேன். தினம் ஒரு சொல் எழுதினேன். முதல் கட்டத்தில் சொல், இரண்டாவதில் அந்தக் காலத்து ரோமாபுரிக்காரன் அதை எதற்குச் சொன்னான் என்பது, மூன்றாவதில் இன்றைக்கு நாம் எதற்குச் சொல்கிறோம் என்பது. லோகஸ் ஸ்டாண்டை என்றால் நிற்கிற இடம், அவ்வளவுதான். கோர்ட்டில் அது வழக்காடும் உரிமை. கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன். பதவி கேட்டுப் போகிறவர்கள் அங்கே வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் போவார்களாம், நம் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள். காய்ச்சலில் பிதற்றுவதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்களே, அது ஏர் ஓட்டுகிறவன் சால் தப்பிப் போவதற்குச் சொன்ன சொல். கல்லூரியில் பஸ் பாஸ் வாங்குவதற்கு நீ போனஃபைடு சர்டிபிகேட் கேட்டு அலைந்தாயே, அந்தப் போனஃபைடுக்கு நல்ல நம்பிக்கையோடு என்று அர்த்தம். படித்தவர்கள் வாயில் பெரிதாகக் கேட்கிற சொற்களில் பாதிக்கு மேல் காட்டிலும் வாய்க்காலிலும் பிறந்தவை என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ரைவல் என்ற சொல்லை எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ரைவல் என்றால் எதிராளி என்றுதான் நாம் சொல்கிறோம். நேர்ப்பொருள் பார்த்தால், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். உடனே உன் பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் மஞ்சளுக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றார். "அப்ப நாம ரெண்டு பேருமே ரைவலாடா?" என்றார். "ஆமாங்கண்ணா" என்றேன். "அட, நம்மூர்ல பங்காளின்னு சொன்னாப் போச்சு, இதுக்கு ஒரு பொஸ்தகமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது நீ பிறக்கவில்லை.

அந்த நாளில் நாங்கள் எல்லோரும் நிலத்தின் பின்பக்கம், பின்காட்டில் இருக்கிற பழைய வீட்டில் ஒன்றாகத்தான் இருந்தோம். சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு வண்டிப்பாதை. வரப்பு ஓரமாக, இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல். நீ பிறந்தது ஐப்பசி அடைமழையில். உன் அம்மாவுக்கு வலி எடுத்ததும் பெரியப்பா டிராக்டர் பெட்டியில் மெத்தையைப் போட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டி, அந்தப் பாதையில்தான் ஓட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். நான் பெட்டியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் அழுதுகொண்டு வந்தேன். உன் அக்கா கோகிலாவுக்கு அப்போது ஐந்து வயது. தம்பிப் பாப்பா வேண்டும் என்று மழையிலேயே பின்னால் ஓடி வந்தாளாம். பெரியப்பாவுக்கு அவள் ஒரே பிள்ளை, எனக்கு நீ ஒரே பிள்ளை. பிறகு பாகம் பிரித்தோம். ரோட்டோரம் எனக்கு, பின்காடும் பழைய வீடும் அவருக்கு. சண்டை இல்லை. பாதை என் பங்கு வழியாகப் போகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்று, ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற எனக்கே தோன்றவில்லை.

நான் ரோட்டோரத்தில் வீடு கட்டினேன். அவர் பின்காட்டில் கோழிப்பண்ணை போட்டார். அவருக்கு நன்றாக வந்தது. ஒரு கொட்டாய் மூன்றாயிற்று. தீவன லாரி தினமும் என் வாசலைத் தாண்டிப் போயிற்று. ஒருநாள் ஒரு லாரி ஓரம் ஒதுங்கி, என் சொட்டுநீர்க் குழாயையும் இரண்டு தென்னங்கன்றையும் ஏற்றி நசுக்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா புதுக் குழாயும் நான்கு கன்றும் கொண்டுவந்து இறக்கினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. "லாரிக்காரனுக்கு நீங்க குடுக்கிற இடம்" என்று கத்தினேன். கன்றுக்காகக் கத்தினேன் என்றுதான் உன்னிடமும் ஊராரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். பொறாமை, சாமி. சுத்தமான பொறாமை. அண்ணன் பத்தாவது தாண்டாதவர், நான் லத்தீன் வரைக்கும் படித்தவன். ஒவ்வொரு லாரி போகும்போதும் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் வளர்கிற சத்தம் அது என்று எனக்குள் ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நம் ஊரில் மற்றவனாக இருந்தால் பங்காளியோடு வரப்பில் நின்று நாலு வார்த்தை திட்டுவான், ஒரு மாசம் பேச மாட்டான், கோவில் நோம்பிக்கு மறுபடியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவான். நான் குமாஸ்தா. எனக்குத் தெரிந்தது தாள். அவர் மேல் வழக்குப் போட உட்கார்ந்து ஓர் அஃபிடவிட் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு அவன் சத்தியம் செய்திருக்கிறான் என்று அர்த்தம். என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. "மேற்படி சொத்தில் எக்காலத்திலும் வண்டிப்பாதை ஏதும் இருந்ததில்லை" என்று எழுதினேன். நல்ல வாக்கியம், ஓர் ஓட்டை கிடையாது. எழுதத் தெரிந்தவன் பொய்யையும் திருத்தமாக எழுதிவிடுவான், அதில்தான் ஆபத்து. உன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தவள், நின்றபடியே அதைப் படித்தாள். "ஏனுங்க, அப்ப நான் எந்த வழியிலங்க பிரசவத்துக்குப் போனேன்?" என்று கேட்டாள். "உனக்குக் கோர்ட்டு விவகாரம் தெரியாது, போ" என்றேன். அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கல்யாணம் செய்யப் போகிறவன் நீ, ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டி அப்படி ஒரு கேள்வி கேட்டால், பதில் தெரிகிற வரைக்கும் பேனாவைத் தொடாதே.

பெரியப்பா மூன்று வாய்தாவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வராந்தாவில் ஓரமாக நிற்பார். நான் உள்ளேயும் வெளியேயும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பேன், அங்கே எனக்கு இருக்கிற மதிப்பு அவர் கண்ணில் படட்டும் என்று. நான்காவது வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அவர் வக்கீலும் எழுந்திருக்கவில்லை. எக்ஸ் பார்ட்டி என்று தீர்ப்பு ஆயிற்று. ஒரு பக்கத்திலிருந்து என்று அதற்கு அர்த்தம், என் பக்கம் மட்டும். அவர் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை. அன்றைக்கே ஆளை வைத்துக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டேன். "கூண்டில் ஏறப் பயந்துபோய் வரவில்லை" என்று உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பெரியப்பன் அடாவடிக்காரன், என் நிலத்தை அமுக்கப் பார்த்தான் என்றும் சொன்னேன். நீ அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாய். நம்பினாய். அன்றிலிருந்து பெரியப்பா ஏரிக்கரை மேல் ஏறி, ஊரைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வருகிறார். கொட்டாய் மூன்று மறுபடியும் ஒன்றாயிற்று. தீவன லாரி ஏரிக்கரையில் ஏறாது.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்தத் தாளும் ஓர் அஃபிடவிட் ஆகிவிடும். அடுத்த வருஷம் கோகிலாவுக்குக் கல்யாணம். நமக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று சொல்லித்தான் உன்னை விடுதியிலிருந்து வர வேண்டாம் என்று தடுத்தேன். வைத்தார்கள். அவளே வந்து வைத்தாள். வெயிலில் ஏரிக்கரை சுற்றி நடந்து, முகமெல்லாம் சிவந்து, தாம்பாளத்தோடு வாசலில் நின்றாள். "சித்தப்பா, நீங்க வரலீன்னாலும் தம்பியை அனுப்பி வைங்க" என்றாள். உன் அம்மா வீட்டில் இல்லை. நான் வாங்கி, வழக்குக் கட்டுக்குள் செருகி வைத்துவிட்டேன். முகூர்த்தத்தன்று ஊரில் இருக்க முடியாது என்று, சேலத்தில் அவசர வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சேலத்தில் ஒரு வேலையும் கிடையாது. அங்கே ஆத்தூர் பஸ்ஸில் ஏறி அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கி, ஒரு டீக்கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மூன்றாவது டீயின்போது, "ஆரையாவது எதிர்பாத்துட்டு இருக்கறீங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். அலிபி என்றால் வேறோர் இடத்தில் என்றுதான் அர்த்தம். கோர்ட்டில் அது குற்றவாளியைத் தப்ப வைக்கும். எனக்கு அந்த டீக்கடையில் அழுகை வந்ததுதான் மிச்சம்.

இப்போது இணைச்சீருக்கு வருகிறேன். உனக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. பெரியப்பன் மகள் இருக்கும்போது அந்த இடம் அவளுடையது. மாப்பிள்ளை பக்கத்தில் சகோதரி இல்லாமல் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் சீரைத் தொடங்க மாட்டார். கூறைச்சேலையை அவள் தொட்டு, உன் பக்கத்தில் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம். உன் அம்மாவின் அக்கா மகளை உட்கார வைத்தால் முறைக்கு முறை ஆயிற்று, வாயை மூடிக்கொண்டு கல்யாணத்தை முடியுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சுலபமாகப் பட்டது. உன் அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மழையில ஓடி வந்த புள்ளைங்க அது. அது உக்காராத மணையில எம் பையனை நான் உக்கார வெக்க மாட்டேன். போய்க் கேளுங்க" என்றாள். பதினோரு வருஷம் அடக்கி வைத்த குரல். பத்திரிகையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோகிலா மேச்சேரிக்குப் பக்கத்தில் வாழ்கிறாள். நான் போனபோது ஆட்டுப்பட்டியில் குட்டிகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சித்தப்பா" என்றாள். நாற்காலியைப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். வைவாள் என்று தயாராகப் போயிருந்தேன், அவள் வையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்திரிகையை நீட்டி, இணைச்சீருக்கு வர வேண்டும் அம்மணி என்றேன்.

"எந் தம்பிக்கு இணைச்சீரு நாந்தானுங்க செய்யோணும். அதுக்கு என்னை ஆரும் கூப்பிடவே வேண்டியதில்லை. ஆனா அப்பாவை உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படி வாரதுங்க? வந்தா ரெண்டு பேரும் வாரோம். அவரு எந்த வழியில வரட்டும், அதைச் சொல்லுங்க."

"பழசையெல்லாம் மறந்துட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க மறக்கலாமுங்க. எங்கப்பா தெனமும் நடக்கறாருங்களே. முட்டி வீங்கிப்போச்சு." மிச்சத் தழையை எடுத்துக் கட்டினாள். பிறகு, "அவரு ஏன் நாலாவது வாய்தாவுக்கு வரலீன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" என்றாள்.

பயந்துபோய் என்றுதான் நினைத்திருந்தேன். அவளே சொன்னாள்:

"அன்னிக்கு அவரு கூண்டுல ஏறிச் சொல்லோணும். பாதை இருந்துச்சு, எந் தம்பி பொய் சொல்றான்னு. வக்கீலு எழுதிக் குடுத்துட்டாரு. காலையில சட்டையைப் போட்டவரு கழட்டி மாட்டிட்டாரு. 'அவன் வேலை பாக்கிற எடம் கண்ணு அது. அங்க நின்னு எந் தம்பியைப் பொய்யன்னு நான் எப்படிச் சொல்றது? நாஞ் சுத்தியே போயிக்கிறேன் போ'ன்னுட்டாரு. அம்மா எவ்வளவோ சண்டை போட்டாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் ஜெயித்ததாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்த வழக்கில், அவர் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். சம்பளம் வாங்குகிற இடத்தில் என் மானம் போகக் கூடாது என்று தன் பாதையை விட்டிருக்கிறார். நான் அதைப் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைப் போல ஓர் ஈனப் பிறவி இருப்பானா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் என் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். வேலியைப் பிரித்துவிட்டுப் பேசாமல் இருங்கள், தீர்ப்பு அதுபாட்டுக்கு வழக்குக் கட்டுக்குள் கிடக்கட்டும், பொய்ச் சத்தியம் செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் உங்கள் மேல் நடவடிக்கை வந்தாலும் வரும் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாயால் திறந்த பாதையை நாளைக்கு இன்னொரு வாய் அடைத்துவிடும். தாளில் அடைத்ததைத் தாளில்தான் திறக்க வேண்டும். வருவது வரட்டும் என்று இரண்டு தாள் எழுதிவிட்டேன். ஒன்று, நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்கிற என் வாக்குமூலம். அதில் என் கையெழுத்து ஆகிவிட்டது. இன்னொன்று, பெரியப்பாவுக்கும் அவர் வாரிசுகளுக்கும் லாரி போகிற அகலத்துக்கு வழி உரிமை கொடுக்கிற பத்திரம். அதில் நான் கையெழுத்துப் போட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ரோட்டோர நிலத்தை உன் பேருக்கு எழுதி வைத்தேன் அல்லவா? கையெழுத்து உன்னுடையது.

போட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லும் யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன். ரோட்டோர நிலத்தில் லாரி அகலத்துக்கு விட்டால் மதிப்பு குறையும், அதுவும் உண்மை. பெண் வீட்டாருக்கு இந்தக் கதை தெரியத்தான் போகிறது. மாமனார் ஒரு மாதிரி பார்ப்பார், என்னைத்தான் பார்ப்பார், பார்க்கட்டும். நீ யோசித்துச் செய்.

நேற்றுக் காலை நானும் உன் அம்மாவும் வேலியைப் பிரித்தோம். கம்பி துருப்பிடித்துக் கையோடு வந்தது. பாதை தெரியாத அளவுக்குக் கருவேலம் மண்டிக் கிடந்தது, அவள் அரிவாளால் வெட்ட வெட்ட நான் இழுத்துப் போட்டேன். முள் கிழித்து இரண்டு பேர் கையிலும் ரத்தம். சத்தம் கேட்டுப் பெரியப்பா பண்ணையிலிருந்து மெதுவாக வந்தார். வேலி இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் நின்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அத்தனை பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். பல் போயிருக்கிறது.

"என்னடா பண்றே?"

"பாதையைத் திறக்கிறேனுங்கண்ணா. தப்புப் பண்ணிட்டேன். கோகிலா எல்லாஞ் சொல்லிருச்சு." உன் அம்மாதான், "வாங்க மாமா, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

அவர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார். கோபம் இல்லை. என்னைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னார்:

"நீ போட்ட வேலி, நீ எடுத்துப்போட்டே. சரி. ஆனா காடு இப்பப் பையம் பேர்ல இருக்குது. பெரியப்பன் பொல்லாதவன்னு சொல்லித்தானே அவனை வளத்தியிருக்கறே. அவன் மனசுல என்ன இருக்குதோ எனக்குத் தெரியாது. அவன் வாயால வாங்க பெரியப்பான்னு சொல்லட்டும்டா, அப்ப வாரேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். பால் வாங்க ரோட்டுக்குப் போக வேண்டியிருந்தது போல. கருவேலம் வெட்டிய இடத்தில் ஐம்பது தப்படி வைத்தால் ரோடு. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கரை ஏறி, சுற்றி, ரோட்டுக்கு வந்து சேர அரை மணி ஆயிற்று.

அவருடைய போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். பத்திரம் நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ கூப்பிடுகிற வரைக்கும் அவர் சுற்றித்தான் போவார்.

அப்பா